மூன்று ஸ்க்ரூ கிதார்

சுற்றுலாப் பயணியாக நம் நாட்டுக்குள் வரும் வெளிநாட்டவர் விலையுயர்ந்த பொருள் எதையாவது கொண்டுவந்தால், அது அவருடைய பாஸ்போர்ட்டில் எழுதப்பட வேண்டும். அவர் திரும்பிப் போகும்போது அதே பொருள் அவரோடு திரும்பிப் போக வேண்டும். போகாவிட்டால், அதை இங்கே விற்றுவிட்டார் என்று கொண்டு, தீர்வையும் அபராதமும் கட்டும்வரை அவரை விமானம் ஏற்றக் கூடாது. அந்தக் காலத்தில் இதுதான் விதி. குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்கும் புரிந்திருந்ததாகத்தான் 1976-ஆம் ஆண்டு ஆனி மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் மரக்காணத்தில் சுங்க இன்ஸ்பெக்டர். உப்பளத்தை ஒட்டிய ஒரு ஓட்டு வீடுதான் அலுவலகம். ஒரு மேஜை, ஒரு தட்டச்சு இயந்திரம், கைப்பற்றிய பொருள்களை வைக்க ஓர் அறை, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த ஒரு சிப்பாய். இவற்றில் உப்புக் காற்று அரிக்காதது சிப்பாயின் வாய் மட்டும்தான். கடத்தல்காரர்களைப் பிடி, பிடி என்று மேலிடம் துரத்திக்கொண்டிருந்த காலம். மரக்காணத்திலோ பிடிக்கக் கிடைத்ததெல்லாம் மீனும் வெயிலும்.

இந்த நிலையில் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. உப்பளத்து மெக்கானிக் தன் கொட்டகையில் கோணிக்குள் சுற்றி ஒரு வெளிநாட்டு ஆயுதம் வைத்திருக்கிறான், கரண்ட் கொடுத்தால் அது சத்தம் போடுகிறது என்று அதில் கண்டிருந்தது.

அந்த மெக்கானிக்கை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாத்திகளுக்கு உவர்நீர் இறைக்கும் ஆயில் இன்ஜின்களை ஓட வைப்பவன். முப்பது வயதிருக்கும். இன்ஜின் மட்டுமல்ல, ரேடியோ, தையல் மெஷின், அம்மி தவிர எல்லாவற்றையும் பழுது பார்ப்பான். சோதனை போடப் போனோம். கோணிக்குள் இருந்தது ஓர் எலெக்ட்ரிக் கிதார்.

நான் அதுவரை கிதாரைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் வீணை உண்டு. வீணைக்குக் குடம் இருக்கும். இதற்கு வயிறே இல்லை. சிவப்பு வார்னிஷ் அடித்த ஒரு பலகை. சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், துப்பாக்கின்னாங்க. இது துணி தோய்க்கிற கட்டை மாதிரி இருக்குது" என்றார்.

"யாருடையது?" என்று கேட்டேன்.

"குயிலாப்பாளையத்துல ஒரு வெள்ளைக்காரர் இருக்காரு சார். அவருது. சத்தம் கரகரன்னு வருதுன்னு ரிப்பேருக்குக் குடுத்தாரு" என்றான் மெக்கானிக்.

சந்தேகத்துக்குரிய வெளிநாட்டுப் பொருள் என்றால் முதலில் கைப்பற்ற வேண்டும், பிறகு விசாரிக்க வேண்டும். அதையே செய்தேன். கைப்பற்றியதைப் பதியும் மகஜருக்கு இரண்டு சாட்சிகள் தேவை. டீக்கடைக்காரரும் பஸ் ஸ்டாண்டு வெற்றிலைக்காரரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்த வட்டாரத்தில் நான் போட்ட எல்லா மகஜருக்கும் அவர்கள்தான் சாட்சி. நீதிமன்றத்தில் யாரும் கேட்டதில்லை என்பது இருவருடைய அதிர்ஷ்டம், என்னுடையதும்தான். கிதாரை அறையில் வைத்துப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி, அரக்கு ஊற்றி, என் பித்தளை முத்திரையை அழுத்தினேன். அரக்கு வைப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. நாதாங்கி, அதற்கு அடியில் உள்ள தகடு எல்லாம் மூடும்படி தாராளமாக ஊற்றுவேன்.

மறுநாள் வெள்ளைக்காரர் சைக்கிளில் வந்தார். நாற்பது வயது மனிதர். லுங்கி, வெளுத்த ஜிப்பா. ஆறு மாதம் தங்க வந்தவர், ஏழு வருடமாக நீட்டிப்பு வாங்கிக்கொண்டே இருந்தார். நீட்டிப்புகள் எல்லாம் முறையாக இருந்தன, நானே சரிபார்த்தேன். தமிழை அவர் குயிலாப்பாளையத்து டீக்கடையில் கற்றிருந்தார்.

"வணக்கம் சார். அது என்து சார். பாஸ்போர்ட்டுல எய்தி இருக்குது, பாருங்க. எனக்கு வெள்ளிக்கிழமை மெட்ராஸ்ல பிளேன். அப்பாவுக்கு ரொம்ப முடியல. எண்பது வயசு. தந்தி வந்துச்சு."

அன்று சனிக்கிழமை. ஆறு நாள் இருந்தது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அவர் வந்து இறங்கிய விமான நிலையத்தில் குறிப்பு எழுதிய அதிகாரி யாரென்று தெரியாது. ஆனால் என் ஜாதி. 'எலெக்ட்ரிக் கிதார் ஒன்று, பழையது, சிவப்பு, கழுத்தின் பின்புறத் தகட்டில் ஸ்க்ரூ நான்கு' என்று எழுதி, தகட்டில் பொறித்திருந்த ஆறு இலக்க எண்ணையும் குறித்திருந்தார். இப்படி ஒரு குறிப்பைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடத் தோன்றும்.

முத்திரையை உடைத்துக் கிதாரை வெளியே எடுத்தோம். பின்புறம் திருப்பினேன். கிதாரின் கழுத்து உடலோடு சேருகிற இடத்தில் ஒரு தகடு இருந்தது. முக்கோணத் தகடு. எண் எதுவும் இல்லை. ஸ்க்ரூ மூன்று.

வெள்ளைக்காரரைக் கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்து நாலு ஸ்க்ரூ சார்" என்றார்.

தனக்குத் தானே எதிர்ச்சாட்சி சொல்லும் அளவுக்கு நேர்மையான ஒருவரை என் பணிக்காலத்தில் அப்போதுதான் பார்த்தேன். அதை உடனே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். விசாரணைக்கு வரவழைத்திருந்த மெக்கானிக் அறை வாசலில் நின்று தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். குற்றவாளிகள் அப்படித்தான் நிற்பார்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

விஷயம் இப்போது தெளிவாக இருந்தது. பாஸ்போர்ட்டில் உள்ள கிதார் விற்கப்பட்டுவிட்டது. இங்கே இருக்கும் கிதார் கடத்தி வரப்பட்டது. ஒரு கிதாரை வைத்து இரண்டு குற்றம். மரக்காணத்தில் இப்படி ஒரு வழக்கு அமையுமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஆனாலும் நான் அவசரப்படுகிறவன் அல்ல. இந்தக் கிதார் எந்த வருடம் செய்யப்பட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். அவர் வந்தது 1969. அதற்குப் பிறகு செய்யப்பட்டது என்று தெரிந்தால், இது அவர் கொண்டுவந்ததாக இருக்கவே முடியாது. இதை அவரிடமே சொன்னேன். அவர் மறுநாளே சைக்கிளில் ஒரு தகரப் பெட்டி நிறைய அந்தக் கம்பெனியின் விலைப்பட்டியல்களையும் இசைப் பத்திரிகைகளையும் கொண்டுவந்து இறக்கினார். தூக்குக் கயிற்றைத் தானே திரித்துக் கொடுத்த மனிதர்.

அடுத்த இரண்டு நாளும் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து படித்தோம். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நாள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த மாடலை அமெரிக்காக்காரர்கள் சும்மா விடவில்லை. வருடத்துக்கு ஒரு மாற்றம். முதலில் தலைப்பகுதி சின்னதாக இருந்தது. அறுபதுகளின் நடுவில் பெரிதாக்கிவிட்டார்கள். கம்பெனிப் பெயரின் எழுத்து ஒரு காலத்தில் மெல்லிசாக இருந்தது, பிறகு தடித்தது. முன்பக்கத்து வெள்ளைப் பட்டை முதலில் ஒரு மடிப்பு, பிறகு மூன்று மடிப்பு. கழுத்தில் ஒட்டிய கறுப்பு மரப் பட்டை வரவர மெலிந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், கழுத்துத் தகட்டின் நான்கு ஸ்க்ரூவைக் குறைத்து மூன்றாக்கியிருந்தார்கள். பத்திரிகையில் பெரிய படமே போட்டிருந்தது. முக்கோணத் தகடு.

முழுத்தாளில் பத்துக் கட்டம் போட்டு அட்டவணை தயாரித்தேன். தலை, எழுத்து, பட்டை, குமிழ், மரம் எல்லாம் 1967 வாக்கில் என்றன. ஸ்க்ரூ மட்டும் 1971-க்குப் பிறகு என்றது. ஒன்பதுக்கு ஒன்று. சாதாரண ஆள் ஒன்பதின் பக்கம் போவான். நான் படித்தவன். ஒரு பொருள் அதன் கடைசி உறுப்பு பொருத்தப்பட்ட நாளில்தான் முழுமை பெறுகிறது; ஆகவே அதன் மிகப் புதிய உறுப்பின் வயதே அதன் வயது. இப்படி ஒரு கோட்பாட்டை நானே வகுத்து, பதினோரு பக்கக் குறிப்பு எழுதினேன். அதைச் சிப்பாயிடமும் விளக்கினேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சார், நான் போன மாசம்தான் பாண்டிச்சேரியில பல் செட்டு கட்டினேன்."

"அதற்கென்ன?"

"அப்போ நான் பொறந்து ஒரு மாசம்தான் சார் ஆவுது. ரிட்டயர்மெண்ட்டுக்கு இன்னும் அம்பத்தெட்டு வருசம் இருக்குது. ஆர்டர் போட்டுக் குடுத்துடுங்க."

இதைக் கேட்டபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கீழ்நிலை ஊழியரின் நகைச்சுவையைக் கோப்பில் சேர்க்க வழியில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

கூடவே இன்னொன்றும் செய்தேன். நான்கு ஸ்க்ரூ மூன்றான தேதியைத் துல்லியமாகத் தெரிவிக்கும்படி அமெரிக்கக் கம்பெனிக்கே ஒரு கடிதம். நேரடியாக எழுதக் கூடாதல்லவா? மேலதிகாரிக்கு, அவர் தன் மேலதிகாரிக்கு, அவர் டெல்லிக்கு, டெல்லி அங்கே. நான்கு பிரதி, கிதாரின் புகைப்படம் முன்னும் பின்னுமாக இரண்டு. செவ்வாய்க்கிழமைத் தபாலில் போய்விட்டது.

புதன்கிழமை காலை வெள்ளைக்காரர் வந்தார். கிதார் அதே கிதார் அல்ல என்று என் அறிக்கை போகப்போகிறது, ஆகவே வெள்ளிக்கிழமை அவர் புறப்பட முடியாது என்று சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கிதார் போனா போவுது சார். நீங்களே வெச்சிக்கோங்க. என்னெ மட்டும் வுட்டுடுங்க. அடுத்த பிளேனுக்குள்ள அப்பா இருப்பாரோ இன்னாவோ."

பொருளை அரசாங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்க அந்த விதியில் இடமில்லை என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெளியே போய்ச் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். ஏறவில்லை. உப்புக் குவியல்களின் மேல் வெயில் அடித்தது. அந்தப் பக்கம் பார்க்கவே முடியாது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி கழித்து மெக்கானிக் உள்ளே வந்தான். கை முழுக்க ஆயில். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். வந்தவன் ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

சிப்பாய்தான், "ஏம்பா, வாயில இன்னா உப்பா வெச்சிருக்க? சொல்றதைச் சொல்லு" என்றார்.

"சார், அந்த மூணு ஸ்க்ரூ நான் போட்டது சார்."

எனக்குப் புரியவில்லை. "நீ போட்டதென்றால்?"

"அவரு குடுத்த பொஸ்தகத்துல படம் பார்த்தேன் சார். புது மாடல் மூணு ஸ்க்ரூன்னு இருந்துச்சு. அவருது பழைய மாடல். பாவம், நல்ல மனுசன். நம்ம ஊர்ல பழைய காருக்குப் புது மாடல் முகம் வெச்சுக் குடுப்போம் இல்ல? அந்த மாதிரி, காசு வாங்காம, புது மாடலாக்கிக் குடுக்கலாம்னு செஞ்சேன். ஒரு ஓட்டையைக் குங்கிலியமும் மரத்தூளும் வெச்சு அடைச்சிட்டேன். படகுக்கு அடைக்கிறதுதான், தண்ணிகூட பூராது. தகடு, ஒடைஞ்ச இன்ஜின் மூடியில வெட்டினது. அவரு வந்ததும் காட்டி அசத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

பதினோரு பக்கம் மேஜை மேல் இருந்தது. காற்று அதில் ஒரு பக்கத்தைப் புரட்டியது.

"இதை முதல் நாளே ஏன் சொல்லவில்லை?" என்று கத்தினேன்.

"நீங்க கேக்கலையே சார். யாருதுன்னு கேட்டீங்க, எப்போ குடுத்தாருன்னு கேட்டீங்க. ஸ்க்ரூ யார் போட்டான்னு கேக்கவே இல்ல."

உண்மை. வாக்குமூலப் படிவத்தில் பதினாறு கேள்விகள். பதினாறையும் கேட்டேன். பதினேழாவதாக ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இவன் சொன்னால் ஆயிற்றா? ஆதாரம் வேண்டும். "பழைய தகடு எங்கே? எண் போட்ட தகடு?"

அவன் மறுபடி கால் விரல்களைப் பார்க்க ஆரம்பித்தான். சிப்பாய் மெதுவாகத் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவருக்கு என்னைவிட முன்னாலேயே ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"ஏம்பா," என்றார், "போன மாசம் நம்ம ரூம் கதவுல நாதாங்கி ஆடுதுன்னு கூப்ட்டேனே. அதுக்கு அடியில ஒரு தகடு வெச்சியே, துரு புடிக்காத தகடுன்னு..."

"வெளிநாட்டுத் தகடுண்ணே. நாலு மூலையிலயும் ஓட்டை இருந்துச்சு. அளவெடுத்த மாதிரி சரியா இருந்துச்சு. சும்மா கெடந்ததுதானேன்னு..." அவன் கதவைக் கை காட்டினான். "அதான் சார் சொல்லல. அடுத்தவங்க பொருளை எடுத்து கவர்மெண்ட்டு கதவுல அடிச்சிட்டேன். ரெண்டு பக்கமும் மாட்டுவேன்."

ஏழெட்டு முறை அந்தக் கதவுக்கு நான் என் கையால் அரக்கு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தகட்டின் மேல்தான் முத்திரையை அழுத்தியிருக்கிறேன். எந்த எண்ணைத் தேடி அமெரிக்காவுக்கு நான்கு பிரதியில் எழுதினேனோ, அந்த எண்ணைத் தாராளமாக மூடி வைத்தவனும் நானே.

நியாயமாக அப்போது மகஜர் எழுதியிருக்க வேண்டும். சாட்சிகள் வரும்வரை காத்திருக்க வேண்டும். வாடகைக் கட்டடத்தின் கதவில் கை வைக்க உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் நினைவுக்கு வந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைக்காரர் இன்னும் சைக்கிளைப் பிடித்தபடிதான் நின்றிருந்தார். சிப்பாயிடம் பேனாக்கத்தியை நீட்டினேன்.

அவர் அரக்கைச் சுரண்டினார். நான் பாஸ்போர்ட்டை விரித்து ஒவ்வோர் இலக்கமாக வாசித்தேன். அவர் ஒவ்வொன்றாக, "இருக்குது சார்... இருக்குது சார்..." என்றார். ஐந்து வந்தது. ஆறாவது இலக்கம் எட்டு. அவர் நிறுத்திவிட்டார்.

"மூணு மாதிரி தெரியுது சார்."

மெக்கானிக் பாய்ந்து வந்து, தன் ஆயில் துணியால் ஒரு தேய் தேய்த்தான். இடப் பக்கம் ஒட்டியிருந்த அரக்கு உதிர்ந்தது. எட்டு.

வாழ்க்கையில் ஓர் எண்ணைப் பார்த்து நான் சிரித்தது அப்போதுதான். வெளியே போய் வெள்ளைக்காரரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து காட்டினேன். அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். "டேய், என்னாடா பண்ணி வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். சிப்பாய் தன் பல் செட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதுவும் ஒருவகைக் கண்ணீர்தான் என்று நினைக்கிறேன்.

விமான நிலையத்தில் என்னைப் போல ஒருத்தன் இருப்பான். அவன் ஸ்க்ரூவை எண்ணுவான். ஆகவே பழையபடி நான்காக்கச் சொன்னேன். மெக்கானிக்குக்கு மனமே வரவில்லை.

"புதுசைப் பழசாக்கச் சொல்றீங்களே சார். இப்போ கழுத்து ஆடாம கெட்டியா நிக்குது" என்று முனகிக்கொண்டே குங்கிலியத்தைத் துளைத்தான். தகட்டைக் கதவிலிருந்து கழற்றிக் கிதாரில் பூட்டினான். அன்றே அறிக்கை எழுதினேன். 'பொருள், பாஸ்போர்ட்டில் கண்ட அதே பொருள்.' ஒரே வரி. அதுவரை நான் எழுதிய அறிக்கைகளிலேயே சிறியது அதுதான்.

தகடு போய் நாதாங்கி ஆடிய கதவுக்குப் புதுத் தகடு கேட்டு எழுதினேன். அது அனுமதியாகி வரும்வரை பகல் முழுவதும் சிப்பாய் அந்தக் கதவில் நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தன் மேலும் அரக்கு வைத்துவிட வேண்டாம் என்று என்னிடம் தினமும் கேட்டுக்கொள்வார்.

வெள்ளைக்காரர் வெள்ளிக்கிழமை புறப்பட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து மெக்கானிக்குக்கு ஒரு தபால் அட்டை வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தான். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிதார் வாசித்தாராம். கிழவர் கண்ணை மூடி முழுவதும் கேட்டுவிட்டு, சத்தத்தைக் குறைக்கச் சொன்னாராம். அதற்கு ஒன்பது நாளைக்குப் பிறகு போய்விட்டார். ஒன்பது நாள். அந்த வாரம் விமானத்தைத் தவறவிட்டிருந்தால் அடுத்த டிக்கெட்டுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். மெக்கானிக்குக்கு அட்டையைப் படித்துக் காட்டும்போது, சத்தத்தைக் குறைக்கச் சொன்ன இடத்தை அவன் இரண்டு முறை படிக்கச் சொன்னான்.

என் கடிதம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதினேன். போன கடிதத்தைத் திரும்பப் பெற, அது எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும் என்று பதில் வந்தது. எனக்கு மாற்றல் வந்தது. அதை நான் மறந்தும் போனேன். பிறகு ஒருநாள், பல அலுவலகங்களின் முத்திரை குத்திய ஓர் உறை என் புது மேஜைக்கு வந்து சேர்ந்தது.

கம்பெனிக்காரர் மரியாதையாக எழுதியிருந்தார். ஸ்க்ரூ மாறிய தேதி என்று ஒன்றைச் சொல்ல இயலவில்லை. எந்த மாற்றமும் ஒரே நாளில் நடப்பதில்லை. பெட்டியில் பழைய உறுப்பு மீதமிருக்கும்வரை தொழிலாளிகள் அதையே பூட்டுவார்கள், தீர்ந்த பிறகுதான் புதியது. ஆகவே ஓர் உறுப்பை மட்டும் வைத்து எங்கள் கிதாருக்கு யாரும் வயது சொல்ல முடியாது, எங்களாலும் முடியாது. கடைசியில் ஒரு வரி: படத்தில் உள்ள முக்கோணத் தகடு எங்களுடையது அல்ல.

அதன் பிறகு எந்தப் பொருளையும் எந்த மனிதரையும் பார்த்த மாத்திரத்தில் இன்னது என்று எழுதிவிட எனக்குக் கை வருவதில்லை; கேட்காமல் விட்ட பதினேழாவது கேள்வி எது என்று ஒரு நிமிடம் தேடுகிறேன். அந்த விவகாரத்தில் இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்து சொல்லக்கூடிய தேதி ஒன்றே ஒன்றுதான். உறையின் மூலையில் நானே எழுதிச் சுருக்கொப்பமும் போட்டேன்: பதில் வரப்பெற்றது, 14-8-1979, முற்பகல்.